குரோமோசோம் இழப்பும் பிறவிக் குறைகளும்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரையுள்ள எல்லையூர்களில் ஒரு குழந்தை குறையோடு பிறந்துவிட்டால், காரணம் சொல்ல ஆட்கள் காத்திருப்பார்கள். "கிரகணத்தன்று அவள் முற்றத்தில் இறங்கினாள்" என்பார் ஒரு பாட்டி. "பாண்டிக்காரர்கள் சொந்தத்துக்குள்ளேயே கட்டுகிறவர்கள், வேறு எப்படி இருக்கும்?" என்பார் அடுத்த வீட்டுக்காரர். பத்திரிகை படிக்கும் பழக்கமுள்ள மூன்றாமவர், "எல்லாம் கடற்கரை மணலின் வேலை" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். இவற்றுள் முதல் இரண்டும் நேரே அந்தத் தாயின் தலையில் போய் விழும்.

என் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிப் பாறசாலைக்கு வந்தது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே வளர்ந்தவன் நான். எம்.எஸ்ஸி. வகுப்பில் மரபியல் படிக்கத் தொடங்கிய நாள்முதல், மேலே சொன்ன மூன்று தீர்ப்புகளும் எவ்வளவு தூரம் நிற்கும் என்று எண்ணிப் பார்த்து வருகிறேன். இலக்கிய மாணவர்களாகிய நண்பர்களுக்கும் விளங்கும்படி அதை இங்கே எழுத முயல்கிறேன். பிறவிக் குறைகள் பலவகை, காரணங்களும் பலவகை. அவை அனைத்தையும் நான் தொடப் போவதில்லை. குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப் போவதால் உண்டாகும் குறைகளை மட்டும் பார்ப்போம்.

நம் உடலின் உயிரணுக்களுள் ஏறக்குறைய எல்லாவற்றின் நடுவிலும் நூல்போன்ற பொருள்கள் 46 இருக்கின்றன. சாயமேற்றினால் நன்றாக நிறம் பிடிப்பதால் அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயரிட்டார்கள். தமிழில் நிறக்கோல் என்றும் எழுதுவதுண்டு. 23 தாய் தந்தவை, 23 தந்தை தந்தவை. இந்த எண்ணிக்கையே வெகுகாலம் தவறாக இருந்தது என்பது ஒரு வேடிக்கை. 48 என்றே முப்பது ஆண்டுகளுக்குமேல் உலகம் முழுவதும் பாடம் நடந்தது. ஜாவாத் தீவில் பிறந்த ஜோ ஹின் சீயோ என்பவர் 1955 டிசம்பரில் ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 46 என்று கண்டார். அவரும் ஆல்பர்ட் லெவானும் 1956இல் அதை வெளியிட்டார்கள். புத்தகம் சொல்கிறதே என்று அதுவரை எண்ணியவர்கள் எல்லோரும் 48 வரும்வரை எண்ணினார்கள் போலும்!

சரியாக எண்ணத் தெரிந்தபின் கண்டுபிடிப்புகள் விரைந்து வந்தன. 1959இல் பாரிஸில் கோத்தியே, லெழேன், துர்ப்பேன் ஆகியோர், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளிடம் 21ஆம் குரோமோசோம் ஒன்று மிகையாக இருப்பதைக் காட்டினார்கள். அது கூடுதலால் வந்த குறை. 1963இல் அதே லெழேனும் அவருடைய தோழர்களும் இழப்பால் வரும் குறை ஒன்றை விவரித்தார்கள். பூனைக்குட்டி கத்துவதுபோல மெல்லிய குரலில் அழும் சில குழந்தைகளிடம், 5ஆம் குரோமோசோமின் குறுங்கையில் ஒரு துண்டு இல்லை. குரல்வளை சரிவர வளராததால் அந்த அழுகை. தலை சிறுத்திருக்கும், அறிவு வளர்ச்சி தாமதப்படும். இது அரியது, ஏறக்குறைய 20,000 முதல் 50,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது கணக்கு.

இவ்வளவு பெரிய துண்டு போனால் மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலான இழப்புகள் அப்படித் தெரிவதில்லை. மனிதனின் மரபுச் செய்தியை எழுத்துகளாக எண்ணினால் ஒரு தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் வரும். ஐம்பது இலட்சம் எழுத்துக்குக் குறைவான துண்டு காணாமற்போனால், சாதாரண முறையில் சாயமேற்றிப் பார்ப்பவர் கண்ணுக்கு அது அநேகமாகத் தப்பிவிடும். 22ஆம் குரோமோசோமின் நீள்கையில் நேரும் இழப்பு அத்தகையது. பெரும்பாலும் முப்பது இலட்சம் எழுத்துகள், நாற்பதுக்கு மேற்பட்ட ஜீன்கள் அதில் போய்விடுகின்றன. ஏறக்குறைய 4,000 குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் நேர்வதால், கண்ணுக்குத் தெரியாத சிற்றிழப்புகளுள் இதுவே மிகுதியாகக் காணப்படுவது. 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் இதன் அடையாளங்களைச் சேர்த்துக் காட்டிய டி ஜார்ஜ் என்ற மருத்துவரின் பெயராலும் இது வழங்குகிறது.

இந்தத் துண்டு எப்படி விடுபடுகிறது? நம் ஓலைச்சுவடியைக் கொண்டு இதை விளக்குவது எளிது. ஒரு புலவர் வீட்டில் ஒரே நூலுக்கு இரண்டு சுவடிகள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒன்று அவருடைய தாய்வழி வந்தது. மற்றொன்று தந்தைவழி வந்தது. பிள்ளைக்குக் கொடுக்கப் புதிய ஏடு ஒன்று எழுதவேண்டும். அவர் ஒரே சுவடியைப் பார்த்து முழுவதும் எழுதுவதில்லை. சிறிது தூரம் இதைப் பார்த்து எழுதுவார். ஓரிடத்தில் மற்றதற்குத் தாவி, அங்கிருந்து அதைப் பார்த்து எழுதுவார். கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது இணைக் குரோமோசோம்கள் அருகருகே நின்று துண்டுகளை மாற்றிக்கொள்வது ஏறக்குறைய இப்படித்தான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இராததற்கு இந்தத் தாவலும் ஒரு காரணம்.

தாவும்போது விட்ட வரியிலேயே இறங்கவேண்டும். பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வருகிறதன்றோ? 22ஆம் குரோமோசோமிலும் ஒரேமாதிரியான நீண்ட தொடர்கள் சில இடங்களில் திரும்ப வருகின்றன. முதற் சுவடியில் முதற் பல்லவியில் நின்ற கண், மற்றச் சுவடியில் அடுத்த பல்லவியில் போய் இறங்கிவிட்டால், இடையிலிருந்த சரணம் புதிய ஏட்டில் இராது. எழுதியவருக்கும் தெரியாது, படித்தால் வரி தொடர்வதுபோலவே இருக்கும். இதே தாவலின் மறுபாதியாக உண்டாகும் இன்னோர் ஏட்டில் அந்தச் சரணம் இரண்டு முறை வரும் என்பதும் உண்மை. சுவடிப் பதிப்பில் இறங்கிய நண்பர்கள் இத்தகைய விடுபாடுகளைக் கண்டிருப்பீர்கள்.

பிள்ளைக்கு மற்றொரு பெற்றோரிடமிருந்து நல்ல படி ஒன்று வருகிறதே, அது போதாதா? பல ஜீன்களுக்குப் போதும். சிலவற்றுக்குப் போதாது. அந்தத் துண்டிலுள்ள டி.பி.எக்ஸ்.1 என்ற ஜீன், கருவில் இருதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய்களும், கழுத்துப் பகுதிச் சுரப்பிகளும், அண்ணமும் அமைவதற்கு வேண்டியது. பாதி அளவே கிடைத்தால் அந்த அமைப்புப் பணி பல இடங்களில் அரைகுறையாக நின்றுவிடுகிறது. ஆகவேதான் இருதயம், அண்ணம், சுண்ணாம்புச் சத்து என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோல் தோன்றும் குறைகள் ஒரே குழந்தையிடம் சேர்ந்து வருகின்றன.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார், பெயர் வேண்டாம். அத்தை மகனையே மணந்தவர். அத்தையே மாமியாராகிவிட்டதால் வீட்டில் வசை கொஞ்சம் குறைவு; தெருவில் அப்படியில்லை. அவருடைய பெண்குழந்தைக்குப் பிறந்த மூன்றாம் நாளே வலிப்பு வந்தது. குடித்த பால் மூக்குவழியே வந்தது. இருதயத்தில் ஓசை கேட்டது. இவை மூன்றும் சேர்ந்ததைக் கண்ட டாக்டர் இரத்தத்தில் கால்சியம் பார்த்தார், குறைவாக இருந்தது. பிறகு குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பினார். சில வாரங்களில் ஆங்கிலத்தில் மூன்று வரி அறிக்கை வந்தது. விளக்கம் சொன்னவர்கள் மலையாளத்தில் சொன்னார்கள். கடையில் சாமான் வாங்கப் போதுமான மலையாளம் அக்காவுக்குத் தெரியும். ஜீன், இழப்பு, மறுபரிசோதனை என்று பேச்சுப் போனால் தெரியாது. காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு? நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார்.

அன்று நான் அவருக்குச் சொன்ன விடையையே இங்கும் எழுதுகிறேன். மேலே சொன்ன தாவல் கருமுட்டையில் எப்போது நடக்கிறது தெரியுமா? ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் சிசுவாக இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் உருவாகத் தொடங்குகின்றன. குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும் கட்டம் அப்போதே நடந்து முடிகிறது. பிறகு பல ஆண்டுகள் அவை அப்படியே காத்திருக்கின்றன. எனவே அந்த விடுபாடு அக்காவின் கருமுட்டையில் நேர்ந்திருந்தால், அது அக்கா பிறப்பதற்கு முன்பே, அவருடைய தாயின் வயிற்றிலேயே நேர்ந்தது. தந்தையின் விந்தணுவில் நேர்ந்திருந்தால், அக்கா கருவுறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு நேர்ந்தது. எப்படிப் பார்த்தாலும் அவர் கருவுற்றிருந்த பத்து மாதத்தில் உண்டது, நடந்தது, கிரகணத்தன்று முற்றத்தில் இறங்கியது ஆகிய எதுவும் இதில் சேராது. ஏடு கைக்கு வருமுன்பே வரி விடுபட்டிருந்தது.

அக்கா சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "எங்கம்மா வயித்துலயா?" என்று கேட்டார். அந்த அம்மாவும் அதற்குப் பொறுப்பில்லை என்பதை உடனே சொல்லவேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் பழி ஒரு தலைமுறை மேலே ஏறிவிடும்!

சொந்தத்தில் மணம் செய்ததைப் பற்றியும் சொல்லவேண்டும். இதில் அடுத்த வீட்டுக்காரர் சொல்வதை அடியோடு தள்ளிவிட முடியாது. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு, ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே ஜீன் இருபுறமும் வந்து சேரும் வாய்ப்பு பதினாறில் ஒரு பங்கு. தாய்மாமன் மணத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு படியும் பழுதானால் மட்டும் வெளிப்படும் நோய்கள் அதனால் மிகுகின்றன. செவிட்டுத்தன்மையில் சில வகைகளும், உடலின் இரசாயனக் கோளாறுகள் பலவும் அப்படிப்பட்டவை. நம்மவர் இந்த வழக்கத்தை மறுபடி எண்ணிப் பார்ப்பது நல்லது என்பதே என் கருத்து. ஆனால் 22ஆம் குரோமோசோம் இழப்பு அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஒரு படி விடுபட்டாலே போதும். கணவனும் மனைவியும் உறவா அன்னியரா என்பது தாவலுக்குத் தெரியாது. பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேரிடம் இது புதிதாக நேர்ந்தது. பெற்றோர் இருவரிடமும் இராது. உண்மையான ஒரு குற்றச்சாட்டைப் பொருந்தாத இடத்தில் கொண்டுபோய் ஒட்டுவதும் பொய்யே.

நிற்க. மணலின் கதைக்கு வருவோம். இது சற்று நீளமானது.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அதில் தோரியம் உண்டு. தோரியம் கதிரியக்கம் உடையது. நமக்குத் தெற்கே மணவாளக்குறிச்சியிலும், வடக்கே கொல்லம் மாவட்டத்துச் சவறைப் பகுதியிலும் இம்மணல் குவிந்து கிடக்கிறது. புறக்காட்டிலிருந்து சக்திகுளங்கரை வரை ஏறக்குறைய 55 கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமும் உள்ள கரையோரத்தில், இயற்கைக் கதிர்வீச்சு இடத்துக்கு இடம் மாறி, ஆண்டுக்கு 1 மில்லிகிரேக்குக் குறைவிலிருந்து 45 மில்லிகிரே வரை போகிறது. கதிர்வீச்சு குரோமோசோமை உடைக்கும் என்பதில் ஐயமில்லை. எக்ஸ் கதிரால் மரபுப் பொருளில் மாறுதல் வரும் என்று 1927இலேயே முல்லர் பழ ஈக்களைக் கொண்டு நிறுவியிருக்கிறார். ஆகவே மூன்றாமவரின் ஐயம் அறிவுக்குப் பொருந்திய ஐயமே.

1976இல் டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த கொச்சுப்பிள்ளை முதலியோர், இக்கரையோரத்தில் 12,918 பேரிடையே 12 டவுன் நோய்க்குறியினரைக் கண்டதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஒப்பிடுவதற்கு எடுத்த ஊர்களில் ஒருவர்கூட இல்லை. பெரும் பரபரப்பு உண்டாயிற்று. ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களின் தொகை சிறியது, தாய்மாரின் வயதைச் சரிவரக் கழிக்கவில்லை என்று மறுப்பும் எழுந்தது. தாயின் வயது ஏற ஏற டவுன் நோய்க்குறி மிகும் என்பதால் இரண்டாவது மறுப்பு வலுவானது.

இத்தகைய வழக்கு எண்ணிக்கையால்தான் தீரும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் இக்கரையோரத்து ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளை வரிசையாகப் பார்த்தார்கள். 1995 ஆகஸ்டு முதல் 1998 டிசம்பர் வரை பார்த்த குழந்தைகள் 36,805. குறையோடு பிறந்தவை நூற்றுக்கு 1.46. கதிர்வீச்சு மிகுந்த ஊர், குறைந்த ஊர் என்று பிரித்துப் பார்த்தபோது, அந்த அளவுக்கும் குறைகளுக்கும் தொடர்பு தென்படவில்லை. தொப்புள்கொடி இரத்தத்தில் குரோமோசோம்களையும் பார்த்தார்கள். 1999இல் 10,230 குழந்தைகளின் கணக்கும், 2013இல் 27,285 குழந்தைகளின் கணக்கும் வெளிவந்தன. இரு பகுதிக்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு இல்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டுக்குப் பின் பிறந்த 76,000க்கு மேற்பட்ட குழந்தைகளை நீலும் ஷல்லும் ஆராய்ந்தபோதும், பெற்றோர்மீது பட்ட கதிர்வீச்சால் பிறவிக் குறைகள் மிகுந்ததாகக் காட்ட முடியவில்லை. குண்டு விழுந்தபோது கருவிலேயே இருந்த சிசுக்கள் சிலவற்றுக்குத் தலை சிறுத்ததும் அறிவு குன்றியதும் வேறு செய்தி. அது கருவின்மீது நேரே பட்ட அடி.

இவற்றைப் படித்துவிட்டு மணல் தீங்கற்றது என்று நான் எழுதமாட்டேன். தொப்புள்கொடி ஆராய்ச்சி, மைக்ராஸ்கோப்பில் தெரியும் மாறுதல்களை எண்ணியது. 22ஆம் குரோமோசோமின் சிற்றிழப்பு அந்த வலையில் சிக்கும் மீனன்று. அன்றியும் சவறையின் கணக்கு சவறையுடையது. ஆனால் கடலுக்குச் சில கல் உள்ளே இருக்கும் பாறசாலைத் தெருவில் பிறந்த குழந்தைக்கு மணல்தான் காரணம் என்று தீர்ப்பெழுத, இதுவரை செய்த எண்ணிக்கைகள் எதுவும் இடங்கொடுக்கவில்லை. அந்த இழப்பு உலகெங்கும், தோரியம் இல்லாத நாடுகளிலும், ஏறக்குறைய ஒரே அளவில் நேர்கிறது. பல்லவி எல்லா மனிதரின் ஏட்டிலும் இருக்கிறது.

15ஆம் குரோமோசோமைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. அதில் ஒரே துண்டு விடுபட்டால் இரண்டு வெவ்வேறு நோய்கள் வரும். தந்தை தந்த படியில் விடுபட்டால் பிள்ளை துவண்டு பிறக்கும். பாலைச் சப்பத் தெரியாது. பின்னர் தீராப் பசி பிடித்துக்கொள்ளும். அது பிராடர்–வில்லி நோய்க்குறி. தாய் தந்த படியில் விடுபட்டால் பேச்சு வராது, வலிப்பு வரும், காரணமின்றி அடிக்கடி சிரிக்கும். அது ஏஞ்சல்மன் நோய்க்குறி. அந்த இடத்தில் சில ஜீன்கள் தந்தைவழிப் படியிலிருந்து மட்டும் வேலை செய்கின்றன. ஒன்று மூளையில் தாய்வழிப் படியிலிருந்து மட்டும் வேலை செய்கிறது. எந்தப் பக்கத்து ஏடு என்பதை உடல் நினைவில் வைத்திருக்கிறது!

இனிக் கைக்கு உதவும் செய்திகள். பரிசோதனை எதற்கு, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. 22ஆம் குரோமோசோம் இழப்பு என்று தெரிந்தால் செய்யவேண்டியவை பல. கால்சியம் கொடுத்தால் வலிப்பு அடங்கும். தைமஸ் சுரப்பி சிறுத்திருப்பதால் நோயெதிர்ப்பு குறைந்திருக்கலாம். உயிருள்ள கிருமிகளாலான தடுப்பு மருந்துகளைக் கொடுக்குமுன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருதய அறுவைக்கு இரத்தம் ஏற்றும்போது, எதிர்ப்பாற்றல் சரியாக இருக்கிறது என்று தெரியும்வரை, கதிர்ப்படுத்திய இரத்தமே கொடுப்பார்கள். பேச்சு மூக்கொலியாக வரும். அதற்குப் பயிற்சியும், சிலருக்கு அண்ணத்தில் அறுவையும் வேண்டும். பெருந்தமனி நடுவில் அறுந்து நிற்கும் ஒருவகைக் குறையுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் இந்த இழப்பு இருக்கும். அத்தகைய குழந்தைக்கு இச்சோதனையைக் கேட்டு வாங்கவேண்டும். கேட்கும்போது 'குரோமோசோம் டெஸ்ட்' என்று மட்டும் சொன்னால் பழைய சாயமேற்றும் முறையோடு நின்றுவிடக்கூடும். ஃபிஷ் என்னும் ஒளிச்சாய முறையோ, மைக்ரோ அர்ரே முறையோ தேவை.

திருவனந்தபுரத்தில் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியில் மரபியல் பிரிவு இருக்கிறது. குழந்தைகளின் இருதய அறுவைக்கு ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இருக்கிறது. பிறவி இருதய நோயுள்ள குழந்தைகளுக்குக் கேரள அரசு 2017 முதல் 'ஹிருத்யம்' என்ற திட்டத்தை நடத்துகிறது. களியக்காவிளைக்கு அப்பால் உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம். வேலை இந்தப்பக்கம், அட்டை அந்தப்பக்கம் என்றிருக்கும் குடும்பங்கள் எங்கள் ஊரில் மிகுதி. அவர்கள் இதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் குறையும்.

அடுத்த பிள்ளையைப் பற்றிய கேள்விக்குப் பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் சோதித்த பிறகே விடை சொல்ல முடியும். இருவரிடமும் இல்லையென்றால் மீண்டும் நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று அளவே, அல்லது அதற்கும் குறைவு. ஒருவரிடம் இருந்தால் பாதிக்குப் பாதி. தமக்கு இருப்பதே தெரியாமல் வளர்ந்து பெற்றோரானவர்களும் உண்டு. பூனைக்குரல் நோயில் கணக்கு வேறு: பத்தில் ஒரு குடும்பம் அளவில், பெற்றோர் ஒருவரிடம் 5ஆம் குரோமோசோமின் துண்டு கழன்று வேறொரு குரோமோசோமில் ஒட்டியிருக்கும். ஏடு தொலையவில்லை, வேறு கட்டில் மாறிக் கிடக்கிறது. ஆகவே அவருக்குக் குறையில்லை, பிள்ளைக்கு வரலாம்.

அக்காவும் அவர் கணவரும் சோதித்துக்கொண்டார்கள். இருவரிடமும் இழப்பு இல்லை. குழந்தைக்கு இருதய அறுவை முடிந்துவிட்டது. கால்சியம் மருந்து தொடர்கிறது. அவள் வளர்ந்து தாயாகும் காலத்தில் கணக்கு மாறிவிடும். அவளுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எந்த வயதில் இதை அவளிடம் சொல்வது என்று மரபியல் டாக்டர் இப்போதே யோசிக்கச் சொல்லியிருக்கிறார். பேச்சுப் பயிற்சியைத் தமிழில் தொடங்குவதா மலையாளத்தில் தொடங்குவதா என்பதே வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.